நூலில் காய்த்த கத்திரிக்காய்

ரங்காவுக்கு அம்மா எழுதுவது. இதற்குள் தர்மபுரிப் பக்கம் போய்ச் சேர்ந்து, ரூம் பிடித்து, மூன்று வேளைக்கும் ஒரு கிளப் கடையைப் பார்த்துவைத்திருப்பாய். அந்தச் சமாச்சாரத்தையெல்லாம் உன் நைனாவுக்குக் கார்டில் எழுது. அவர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். நான் உன் சௌகரியத்தை விசாரிக்க எழுதவில்லை. இந்தக் காகிதத்தை நீ மறைத்து வைக்கவும் வேண்டாம். உன் ஆபீசில் யாராவது எடுத்துப் படித்தால் நன்றாகப் படிக்கட்டும். விவசாய இலாகா தங்கள் ஊருக்கு யாரை அனுப்பியிருக்கிறது என்று அந்த ஊர் ஜனங்களுக்கும் தெரியட்டும்.

நீ பஸ் ஏறிய அன்றைக்கு அரிசி மண்டிக்காரர் வந்து உனக்கு மாலை போட்டார். தோட்டச் சங்கத் தலைவர் இல்லையா, போடாமல் இருப்பாரா. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேச ஆரம்பித்தவர், டிரைவர் ஹாரன் அடித்த பிறகும் நிறுத்தவில்லை. "பாறையிலே பயிர் விளைவித்த நம்ம ஊர் இளைஞர்" என்றார். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அடக்கமாம். பின்னால் நின்ற என்னை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பாய் என்று காத்திருந்தேன். நீ மாலையில் இருந்த ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தாய். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் பெற்ற பிள்ளையைப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

அந்தத் தோட்டத்தில் எது எப்படி முளைத்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நீ கேட்டதும் இல்லை. அரிசிக்காக ஊரே ரேஷன் கடை வாசலில் நின்ற வருஷம் அது. நீ சிதம்பரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். நம் மளிகைக்கடையில் மூட்டைகள் இருந்த இடத்தில் வெறும் சாக்கு மடித்துக் கிடந்தது. மண்டிக்காரர் வீட்டுப் பின்கட்டில் மூட்டை அடுக்கியிருந்தது எல்லோருக்கும் தெரியும். உன் நைனா உள்பட ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, அவர் தெருவில் போனால் எழுந்து நின்று கும்பிடு போட்டார்கள். பசித்த வயிற்றோடு கும்பிடு போடுகிற ஆம்பிளைகளை அந்த வருஷம் நான் நிறையப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு அவர்கள் மேல் மரியாதை திரும்பவே இல்லை.

காலனியிலிருந்து நம் கடைக்கு உப்பும் மிளகாயும் வாங்க வருவாளே அஞ்சலை, அவள் ஒரு நாள் மடி நிறையக் கீரையோடு வந்து, உப்பு மட்டும் போதும் என்றாள். எங்கே பறித்தாய் என்று கேட்டேன்.

"பாறைக்குக் கீழ அந்தக் குப்பமேட்டுலதான் செட்டியாரம்மா. மனுசங்க திங்காம பன்னி தின்னுக்கினு கெடக்குது."

கடைத்தெருவுக்குப் பின்னால், மலைப் பாறை இறங்கி முடிகிற இடத்தில் இருந்த பொறம்போக்கு அது. ஊர்க் குப்பையைக் கொட்டிக்கொட்டி மேடாகியிருந்தது. செஞ்சிக் கோட்டையில் ராஜாக்கள் இருந்த காலத்துக் கிணறு ஒன்று பாதி தூர்ந்து கிடந்தது. மறுநாள் காலையில் அவளோடு போய்ப் பார்த்தேன். காலால் கிளறினால் மண் கறுப்பாக வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது போடலாமா, உனக்குக் கூலி கொடுக்கிறேன் என்றேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "கூலின்னா நான் வரல. பாடுபடறதுல சரிபாதி, வெளையறதுல சரிபாதி. ஒத்துக்கினா மம்மட்டி எடுத்தாறேன்."

ஒத்துக்கொண்டேன். அஞ்சலையை ஏதோ பெரிய தபசி என்று நினைத்துக்கொள்ளாதே. களை எடுக்கச் சொன்னால் இடுப்பு வலி என்பாள். வெற்றிலை போட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். பங்கு பிரிக்கும்போது மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பாள். நானும் அவளும் சண்டை போடாத வாரம் கிடையாது. ஆனால் அவள் சண்டையை முகத்துக்கு நேராகப் போட்டாள். உங்கள் சங்கத்தில் அந்த வழக்கம் கிடையாது.

எங்களைப் பார்த்து நம் தெருவிலிருந்து சில பெண்கள் வந்தார்கள், காலனியிலிருந்தும் வந்தார்கள். சித்திரையில் கிணற்றைத் தூர் எடுத்தோம். இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கூடை கூடையாக அள்ளிக் கொடுத்தது அஞ்சலையும் அவள் வீட்டு ஆட்களும். நம் தெருப் பெண்கள் மேலே நின்று, சேலையை மூக்கில் வைத்துக்கொண்டு வாங்கிக் கொட்டினார்கள். தண்ணீர் ஊறித் தெளிந்த அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தீட்டு ஞாபகம் வந்தது. காலனிக்காரர்கள் தனியாக ஒரு தொட்டியில் வாங்கிக்கொள்ளட்டும், கயிற்றைத் தொடவேண்டாம் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அஞ்சலை கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சேறா இருக்கச்ச நாங்க உள்ளேயே எறங்கலாம். தண்ணியானா கவுத்தைக்கூடத் தொடக் கூடாதா?" சில பேர் அன்றைக்கே கோபித்துக்கொண்டு போனார்கள். போனது நல்லது. அதே ஆட்கள் அனந்தபுரம் சந்தையில் காய் வாங்கும்போது, இதை யார் கை பறித்தது என்று விசாரிக்கிறார்களா என்ன. கூடையில் ஏறிவிட்டால் காய்க்குச் சாதி கிடையாது, பறித்த கைக்கு மட்டும் உண்டு. இந்த அழகான அறிவைத்தான் நம் தெருவில் ஆசாரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உன் நைனா என்ன சொன்னார் தெரியுமா. "கடைக்காரன் பொண்டாட்டி குப்பமேட்டுல மம்மட்டி புடிச்சா, நாளைக்கி எவன் நம்ம கடைக்கி வருவான்?" என்றார். விற்க ஒரு படி அரிசி இல்லாத கடைக்கு எவன் வந்தால் என்ன. அதை அவரிடமே சொன்னேன். ஆவணியில் முதல் கீரை வந்தது. அன்றைக்கு மட்டும் களியை இரண்டாம் தடவை போடச் சொன்னார்.

ஆடியில் போட்டதில் புரட்டாசிக்கு வெண்டையும் கொத்தவரையும் வந்தன. ஐப்பசி மழையில் சுரைக்கொடி அழுகிப் போனது. அதற்கு நானும் அஞ்சலையும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லி இரண்டு நாள் பேசவில்லை. மழை விட்ட பிறகு நாங்கள் விதைக்காத பண்ணைக்கீரை தானாகவே வரப்பெல்லாம் மண்டியது. மார்கழிப் பனியில் அவரை கொத்துக்கொத்தாகக் காய்த்தது. விடிந்ததும் பறித்து அப்படியே அடுப்பில் ஏற்றினால் எண்ணெய்கூட அதிகம் வேண்டாம், உப்பும் இரண்டு மிளகாயும் போதும். தையில் மொச்சை. பொங்கலன்றைக்குத் தோட்டத்துப் பரங்கியும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தேன். வாசல்வரை மணந்தது என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். எதிர்வீட்டுக்காரி யார் என்றால், கயிற்றைத் தொடக்கூடாது என்று முதலில் ஆரம்பித்தவள். ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். தீட்டு அடுப்பில் வெந்துவிட்டது போலிருக்கிறது, கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான் திருப்பி அனுப்பினாள். மாசியில் கத்திரிக்காய், பங்குனியில் முருங்கை. சித்திரை வந்தால் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் நம் மேல் கக்கும். அப்போது கிணற்றடியில் தண்டுக்கீரையும் வெள்ளரிப்பிஞ்சும் தவிர ஒன்றும் நிற்காது. அந்தந்த மாதம் எது வருகிறதோ அதைச் சாப்பிட்டோம். வராததற்குக் காத்திருந்தோம். காத்திருந்து சாப்பிட்டதனால் முதல் அவரைக்காய்க்கு ஒரு ருசி இருந்தது. உனக்கு அது தெரியாது. லீவுக்கு வந்தபோது தட்டில் இருந்த அவரைப் பொரியலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "கோஸ் கெடைக்கலையா? ஹாஸ்டல்ல வாரத்துக்கு மூணு நாள் கோஸ் போடறான்" என்றாய். தண்ணீரில் வெந்து நாறுகிற அந்தக் கோஸைத் தின்றுவிட்டு விவசாயம் படித்துக்கொண்டிருந்தாய் நீ. பூச்சி மருந்தின் பெயரெல்லாம் இங்கிலீஷில் சொன்னாய். தட்டில் இருந்தது எந்த மாதத்துக் காய் என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை.

நீ படித்து முடித்து, வேலைக்குக் காத்துக்கொண்டு கடைத்தெருவில் திரிந்த சமயத்தில்தான் மண்டிக்காரருக்கு எங்கள் தோட்டம் கண்ணில் பட்டது. அதற்குள் செஞ்சியில் பாதிப் பேருக்கு அது தெரியும். கோட்டைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள்கூட வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருவர் நட்டுக் காய்த்த பிறகு அதற்குத் தலைவராவது அவருக்குக் கைவந்த வேலை. சங்கம் என்றார். தலைவர் அவர், காரியதரிசி நீ. நீலப் பெயிண்டில் ஒரு போர்டு எழுதி மாட்டினீர்கள். அதில் ஆம்பிளைகள் பேராகவே இருந்தது. ஒருத்தர்கூடக் குனிந்து ஒரு களை பிடுங்கியவர் இல்லை. "எங்க பேர் எங்கடா?" என்று கேட்டதற்கு, "பொம்பளைங்க பேரைப் போர்டுல போட்டா நல்லா இருக்காதும்மா" என்றாய். உனக்கு நல்ல பேர் வைக்க நான் எத்தனை நாள் யோசித்தேன் தெரியுமா. அதை அந்தப் போர்டில் பார்த்தபோது அதற்குமேல் சாணி அடிக்கலாம் போல இருந்தது.

பிறகு கடலூரிலிருந்து பெரிய அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். வைகாசி வெயிலில். கீரையைத் தவிர ஒன்றும் இல்லாத மாதம். இது இந்த மாதத்துத் தோட்டம், இப்போது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தால் அதிகாரி தலையை வாங்கிவிடுவாரா. உங்களுக்கு அது அவமானமாகப் பட்டது. அனந்தபுரம் சந்தையிலிருந்து ஒரு கூடை கத்திரிக்காய் வந்தது. நீயும் மண்டி ஆட்களும் உட்கார்ந்து கறுப்பு நூலால் செடியில் கட்டினீர்கள். எந்தச் செடி என்று பார்க்கவாவது உனக்குப் படிப்பு உதவியிருக்கலாம். வேலி ஓரத்தில் நின்ற சுண்டைச் செடியில் கத்திரிக்காயைத் தொங்கவிட்டீர்கள். அதற்கு முந்தின சாயங்காலமே காலனிக்குப் போய், நாளைக்கு யாரும் தோட்டத்துப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாயாம். என்னிடம் சொல்லவில்லை. அஞ்சலைதான் வந்து சொன்னாள்.

அதிகாரி வந்தபோது நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். நான் அஞ்சலை பக்கத்தில் நின்றதைப் பார்த்தும் நீ பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாய். அதிகாரி சுண்டைச் செடிக்கு முன்னால் நின்றார். குண்டாக ஒரு காயைப் பிடித்து இழுத்தார். நூலோடு வந்தது.

"இது என்ன ரகம்?" என்றார்.

"ஹைபிரிட் சார்" என்றாய் நீ.

அவர் நூலைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மண்டிக்காரர் கையில் இருந்த சோடாவைப் பார்த்தார். நூலை விரலில் சுற்றி எறிந்துவிட்டுக் காயைப் பியூனிடம் கொடுத்தார். "நல்ல முயற்சி. விடாமப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போனார். போட்டோ எடுத்தார்கள். அவரும் உங்கள் ஆள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. கூட்டம் பந்தலுக்குப் போனதும் பாறையிலிருந்து குரங்கு ஒன்று இறங்கி வந்து இன்னொரு காயை இழுத்தது. வரவில்லை. குனிந்து நூலைப் பார்த்து, பல்லால் கடித்து அறுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு அங்கே வந்தவர்களில் நூலைக் கண்டு, அதற்கு ஒரு காரியம் செய்தது அது ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சலை சிரிக்கவில்லை. "நான் தூர் வாரின கெணறு. என்னை வராதன்னு சொல்லிட்டானே உம்புள்ள" என்றாள். அவ்வளவு நாள் என்னை நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் நீ என்று பேசினாள். அந்த நீ எனக்குக் கௌரவமாக இருந்தது. உன் காரியதரிசிப் பட்டத்தைவிட.

அதிகாரி மெச்சி எழுதினார் என்ற தெம்பில், அடுத்த வாரம் தோட்டத்துக் கதவில் பூட்டு தொங்கியது. பாதி இடத்தில் சங்கத்துக்குக் கட்டடம் வரப்போகிறதாம். நாற்றங்காலில் மிளகாயும் கத்திரியும் முளைவிட்டு நின்றன. ஒரு வேளை தண்ணீர் தவறினால் அந்த வெயிலில் பொசுங்கிவிடும். உன்னிடம் சாவி கேட்டேன். "தலைவர் கிட்டதான் கேக்கணும்மா" என்றாய். என் வயிற்றில் பிறந்தவன் என்னிடம் சொன்ன பதில். மண்டிக்குப் போய்க் கேட்டேன். "நீங்க தாராளமா வாங்கம்மா, ஒங்க தோட்டம். அவங்க வாணாம். கமிட்டி முடிவு" என்று காபி வரவழைத்தார். அதைக் குடிக்காமல் வந்து, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அஞ்சலையிடம் சொன்னேன். அவள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. "பூட்டு கதவுக்குத்தான. வேலி முள்ளுதான. வா" என்றாள்.

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, முள்ளைக் கவைக்கம்பால் தள்ளிவிட்டு உள்ளே போனோம். தண்ணீர் இறைத்து நாற்றங்காலை நனைத்துக்கொண்டிருக்கும்போது மண்டிக்காரர் வந்தார். நீ அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாய். இது சங்கத்து இடம், போலீசைக் கூப்பிடுவேன் என்று அவர் சத்தம் போட்டார். அஞ்சலை வாளியைக் கீழே வைத்தாள். "கூப்புடுங்க. அதுக்கு முன்ன, இதுல நீங்க நட்டது எது, காட்டுங்க. காட்டிட்டா நாங்க போய்டறோம்" என்றாள். அவர் சுற்றிலும் பார்த்தார். அவருக்குத் தெரிந்த செடி ஒன்றுதான். கையை நீட்டிச் சுண்டைச் செடியைக் காட்டினார். அதில் நூலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கத்திரிக்காய் வற்றிக் கறுத்து ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பு கடைத்தெருவுக்குக் கேட்டது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். நீயும் திரும்பினாய். குடை மட்டும் அவர் தலையை விட்டு நகரவில்லை.

உன் நைனா அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. தைரியசாலி இல்லை அவர். நான் அவரிடம் அதை எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன். ஆனால் என்னை வா என்றும் கூப்பிடவில்லை. மண்டிக்காரர் நமக்குச் சரக்கு தருவதை நிறுத்தியபோது திண்டிவனம் போய் வாங்கிவந்தார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. வேலிக்கு வெளியே நின்ற அந்த ஆள் குடை பிடித்தவனைவிட உசத்தி. இதை நான் சொல்லவேண்டி வந்ததே.

முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று எழுத ஆசைதான். பொய் எழுத எனக்கு வராது. ரோட்டோரத்துப் பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டு ஓடு போட்ட ஒரு அறை கட்டினார்கள், அதில் சீட்டாடுகிறார்கள். கிணறும் பாறை ஓரமும் எங்களிடம் நிற்கின்றன. அந்த ஆடியில் மழைக்கு முன்னாலேயே விதைத்தோம். இன்றைக்கும் காலனியும் கடைத்தெருவும் ஒரே கயிற்றில்தான் இறைக்கிறோம்.

நீ இனிமேல் ஊர் ஊராகப் போய், எதை நடவேண்டும், எப்படி நடவேண்டும் என்று சொல்லப்போகிறாய். சம்பளம் வாங்கிக்கொண்டு. போகிற இடத்தில் அந்த மாதம் என்ன விளைந்திருக்கிறதோ அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடு. களி கொடுத்தால் களி, கூழ் கொடுத்தால் கூழ். மூக்கைச் சுளிக்காதே. மேலதிகாரி வரும் நாளில் தோட்டம் வெறிச்சென்று இருந்தால் வெறிச்சென்றே காட்டு. யாரையும் அவர்கள் தோட்டத்துக்கு வராதே என்று சொல்லாதே. இதற்குமேல் உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பொறுமையில்லை. சொன்னால் கேட்கிறவன் என்ற நம்பிக்கையும் குறைவு.

நீ போன மறுநாள் தோட்டத்தில் அஞ்சலை கேட்டாள், உம்புள்ள எந்த ஊருக்குப் போயிருக்கான் என்று. சொன்னேன். வாளியைக் கிணற்றில் விட்டுக்கொண்டே, "பாவம் அந்த ஊர் ஜனம்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான், யாரைச் சொல்லிச் சிரித்தேன் என்று உறைத்தது. இல்லை அஞ்சலை, அவன் அப்படியில்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒரு விஷயம்கூட அகப்படவில்லை. கயிற்றை நான் வாங்கி இழுத்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. உன் நைனா ஏன் என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

தையில் லீவு கிடைத்தால் வா. மொச்சை வந்திருக்கும். என் பங்கிலிருந்து உனக்கு ஒரு பிடி தர மாட்டேன். காலனிக்குப் போ, அஞ்சலை வீட்டு வாசலில் நில், நீயே வாயைத் திறந்து கேள். அவள் கொடுத்தால் வாங்கி வா, குழம்பு வைத்துத் தருகிறேன்.

அம்மா